மேற்கு மேட்டு வெள்ளைத் தொட்டி அன்று தெரிந்ததா என்பது குறித்து

அனுப்புநர்:
ஜுவாங் லி-ஜூ, வயது 51,
மீன் நூடுல்ஸ் கடை,
நீர்த்தொட்டி அருகில், மேற்கு மேடு,
பெய்ஷி தீவு.

பெறுநர்:
விசாரணைத் தலைவர் அவர்கள்,
விமான விபத்து விசாரணைக் குழு,
தைபே.

பொருள்: ஏப்ரல் 17 விபத்து – கேப்டன் தெங் மீதான குற்றச்சாட்டு – அறிக்கையில் விடுபட்ட தொலைபேசி அழைப்பு – மறுவிசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கடை வாசலிலிருந்து முப்பது அடியில் ஊராட்சியின் வெள்ளை நீர்த்தொட்டி நிற்கிறது. விமான நிலையத்து வானிலை அறையிலிருந்து அது ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஜன்னலில் நின்று பார்த்துத் தொட்டி தெரிந்தால் விமானம் இறங்கலாம், தெரியாவிட்டால் கூடாது என்பது விதி. ஆனால் மூடுபனிக் காலத்தில் வானிலைப் பணியாளர் திரு. கூ ஜன்னலை நம்புவதில்லை. எனக்குத் தொலைபேசியில் பேசி, "அக்கா, தொட்டி தெரியுதா?" என்று கேட்பார். நான் எட்டிப் பார்த்துச் சொல்வேன். அதை அப்படியே எழுதிக்கொள்வார். பதினோரு வருடமாக இது நடந்தது. பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுத் தொலைவை எழுதுவது என்ன கணக்கு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

2. ஏப்ரல் 17 காலை 9.40க்கும் அவர் அழைத்தார். 9.42க்கு, இறங்க வந்துகொண்டிருந்த விமானிகளுக்கு ஆயிரத்து அறுநூறு மீட்டர் தெரிகிறது என்று வானொலியில் சொல்லப்பட்டது. 9.49க்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலிருக்கும் சரிவில் மோதியது. பயணிகள் பதினாறு பேரும் பிழைத்தார்கள். துணை விமானி லாய் இறந்துபோனார். கேப்டன் தெங்கின் இரண்டு கால்களும் முறிந்தன.

3. தங்கள் அறிக்கை, வானிலை 9.42க்குப் பிறகு திடீரென மோசமானது என்றும், அது தெரிந்தும் கேப்டன் பிடிவாதமாக இறங்கினார் என்றும் சொல்கிறது. இந்தத் 'திடீரென' என்ற சொல்லின் மேல்தான் எனக்குச் சந்தேகம். படகுத்துறையில் அன்று காலை ஆறு மணிக்கே மூடுபனிக்காகச் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள், நண்பகல் வரை இறக்கவில்லை. எதிரே வரும் படகு தெரியாதென்று படகை நிறுத்திய தீவில், விமானத்துக்கு மட்டும் 9.42 வரை தெளிவாக இருந்ததா? முதலில் எழுதிய ஆயிரத்து அறுநூறைக் காப்பாற்றத்தான் பிறகு வானிலை 'திடீரென' கெட்டது என்று நினைக்கிறேன். துறைமுகக் குறிப்பேட்டை யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

4. எனக்கு வந்த அழைப்பைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. வானிலைப் பதிவேட்டில் அன்றைய பக்கத்தைக் காட்டும்படி நேரில் போய்க் கேட்டேன். மழையில் நனைந்துவிட்டது, காய வைத்திருக்கிறோம் என்றார்கள். கூரையும் கதவும் உள்ள அறைக்குள் மழை எப்படிப் பெய்தது என்று கேட்டேன். திரு. கூ விபத்து நடந்த ஒன்பதாவது நாளே தெற்கே மாற்றப்பட்டார். தினமும் என் கடையில் சாப்பிட்டவர், சொல்லிக்கொள்ளாமல் போனார்.

5. ஊராட்சிச் செயலர் மே 6 அன்று பழைய அரிசி மது இரண்டு புட்டிகளுடன் வந்தார். பதினோரு வருடத்தில் தலையசைத்துக்கூடக் கடந்து போகாத மனிதர். "அக்கா, அது மறுநாள் வந்த போனா இருக்கும். வயசானா தேதி குழம்பத்தான் செய்யும்" என்றார். "எனக்கு அம்பத்தொண்ணுதான் ஆகுது. உங்களவிட நாலு வயசு சின்னவ" என்றேன். புட்டிகளை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தொட்டிக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டார்கள். மலைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று காரணம் சொல்கிறார்கள்.

6. நான் கேப்டனையும் சந்தேகப்பட்டேன், மறைக்கவில்லை. குடித்திருப்பாரோ, அவசரக்காரரோ என்று பார்க்கத்தான் தைபே மருத்துவமனைக்குப் போனேன். நான் யார் என்று சொல்லவில்லை. மேட்டில் கடை வைத்திருப்பவள் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்: "தம்பி லாய் கேட்டான், அண்ணே, ஒண்ணும் தெரியல, திரும்பிடலாமான்னு. ஆயிரத்து அறுநூறு இருக்குன்னு சொல்றாங்கடா, இன்னும் கொஞ்சம் இறங்கினா தெரிஞ்சிடும்னு நான்தான் சொன்னேன். அவன் அதுக்கப்புறம் பேசல." அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

7. மேலே எல்லோரைப் பற்றியும் எழுதிவிட்டேன். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டேன். 9.40க்கு மணி அடித்தபோது என் கையெல்லாம் மீன் மாவு. வாசலுக்கு வந்து பார்த்தேன். முப்பது அடியில் நிற்கும் தொட்டி என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த விமானத்தில் என் மகள் பெய்-லின், பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையுடன் வந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாக விமானங்கள் இறங்காமல் திரும்பிக்கொண்டிருந்தன. பேரனை நான் அதுவரை பார்த்ததில்லை. "நல்லா தெரியுது" என்று சொன்னேன்.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. லாய்க்கு வயது இருபத்தெட்டு.

8. ஜூன் 20 அன்று கேப்டன் தெங்கின் உரிமத்தை ரத்து செய்யும் விசாரணை நடக்க இருக்கிறது. அதற்கு முன் என்னை அழைத்து வாக்குமூலம் பெறவும், அறிக்கையில் 'திடீரென' என்ற சொல்லை நீக்கி அந்த இடத்தில் என் பெயரை எழுதவும் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கை திருத்தப்பட்டதும் அதன் ஒரு பிரதியை லாயின் தாயாருக்கு அனுப்பி வையுங்கள். நானே எடுத்துக்கொண்டு போக எனக்குத் துணிவு இல்லை.

இடம்: பெய்ஷி தீவு
நாள்: 1997 ஜூன் 2

இப்படிக்கு,
தவறாகப் பதில் சொன்னவள்,
(ஒப்பம்) ஜுவாங் லி-ஜூ