கண்ணாடிக் கரடியில் நான் கண்ட குறைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், சம்பந்தியம்மா சுகமா என்று கேட்கத்தான் எனக்கு வாய் கூசுகிறது. உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியை நான்தான் கட்டின மாதிரி. உன் தம்பிக்கு மறுபடியும் இரவு வேலை போட்டுவிட்டார்கள், பகலெல்லாம் தூங்குகிறான், நாங்கள் இரண்டு பேரும் சொந்த வீட்டிலேயே திருடர்கள் மாதிரி நடமாடுகிறோம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. இதையெல்லாம் எழுதுவது சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் கண்ணாடிக் கரடி விஷயம்தான். அன்றைக்கு வீடியோவில் எவ்வளவு ஆசையாகக் காட்டினாய், பரீட்சைக்குப் படிக்கிறேன்னு அம்மா குடுத்தாங்கப்பா, மாமா கப்பல்ல சமையல் வேலை பார்த்தப்போ இத்தாலியில வாங்கினதாம், யார் செஞ்சது, எதுக்குச் செஞ்சதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் என்றாய். அம்மா என்று நீ சொன்னது சம்பந்தியம்மாவைத்தான். கண்ணாடி என்று சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியுமா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தே காலத்தை ஓட்டியவன், குமிழி இருந்தாலோ கீறல் இருந்தாலோ யோசிக்காமல் கழிவுப் பெட்டியில் போட்டுப் பழகிய கை. நீ கரடியைத் திருப்பிக் காட்டினாய், உள்ளே குமிழி, அடியில் கீறல், முதுகு தட்டையாகத் தேய்த்திருந்தது. உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன், குமிழி விழுந்த கண்ணாடி, அடியில கீறல் வேற, முதுகு உடைஞ்சதைத் தேய்ச்சு மறைச்சிருக்கான், துறைமுகத்துல ஏமாந்தவங்க தலையில கட்டுற சரக்கு இது என்று. சம்பந்தியம்மா உனக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். நீ கரடியை எடுத்ததுமே அதில் சாய்ந்திருந்த உன் புத்தகங்கள் தடதடவென்று சரிந்தன, அதற்கும் சிரித்தேனே ஒழிய, அது எதற்காகச் செய்த பொருள் என்று என் மரமண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு சம்பந்தியம்மா கரடியைப் பழைய துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டதாகவும் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டதாகவும் நீ சொன்னாய். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே, உங்கப்பா தொழில் தெரிஞ்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும், இவரு பாவம் ஏமாந்து வாங்கியிருக்காரு என்று சொன்னாராமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படியில் வெந்து சம்பாதித்த காசில் ஒரு மனுஷர் பெண்டாட்டிக்கு ஆசையாக வாங்கி வந்ததை, அவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் ஏமாளிச் சரக்காக்கிவிட்டேன். எதிர்த்துப் பேச அவரும் இல்லை.

போன வாரம் சுவர்க் கடிகாரத்துக்குக் கண்ணாடி மாற்றப் பழம்பொருள் கடைக்குப் போயிருந்தேன். அங்கே பச்சையாக ஒரு கண்ணாடி மீன், உள்ளே நிறையக் குமிழி. என் வாய்தான் சும்மா இருக்காதே, குமிழி விழுந்த சரக்கை இவ்வளவு விலைக்கு வச்சிருக்கீங்களே என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, ஐயா, அந்தக் குமிழிக்குத்தான் அந்த விலை, இத்தாலிக்காரன் வேலை என்றார். சூட்டோடு கண்ணாடியை முள்முள்ளான அச்சில் அழுத்திக் குழி போட்டு, மேலே இன்னொரு படலம் கண்ணாடியைப் போர்த்துவார்களாம், குழிக்குள் காற்று மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நிற்குமாம். யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். காகித லேபிளை நம்பாதீங்க, அதை எவனும் ஒட்டலாம், அடியைத் திருப்பிப் பாருங்க, நல்ல பட்டறைன்னா மழமழன்னு தேய்ச்சிருப்பான், சில பேரு ஊசியால தன் பேரைக் கீறி வச்சிருப்பான் என்றார். முதுகு தட்டையா இருந்தா என்று கேட்டேன். அது புத்தகம் சாயாம முட்டுக் குடுக்குறதுக்குங்க, ஜோடியா வரும், உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கா என்றார். நான் கடிகாரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தெரியாமலா என்றாள். உன் அம்மாவிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் யார். தப்பாக விழுந்த குமிழி என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் விழும், அளவெடுத்த மாதிரி வரிசை பிடித்து நிற்காது, இது லென்ஸ் தேய்த்தவனுக்குத் தெரியாதா. அந்த வரிசை அன்றைக்கே என் கண்ணில் பட்டது. ஆனால் நீ சம்பந்தியம்மாவை அம்மா என்று சொன்னதும், என் மகளுக்கு அப்படி ஒரு பொருளை இன்னொருவர் கொடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, அதுதான் உண்மை. உன் அம்மா சொன்னாள், என் பொண்ணு இன்னொருத்தங்களை அம்மான்னு கூப்பிட்டா எனக்கே வராத வயித்தெரிச்சல் உங்களுக்கு எதுக்கு வருது, போற இடத்துல அவளுக்கு ஒரு அம்மா கிடைச்சா நமக்கு நல்லதுதானே என்று. சிவபூஜையில் கரடி நுழைந்த கதையாக, கரடி நான்தான்.

இந்தக் கடிதத்தோடு என் பூதக்கண்ணாடியை வைத்திருக்கிறேன், கடையில் கண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்ததே, அதுதான். சம்பந்தியம்மாவிடம் கொடு, அவரே முதலில் அந்தக் கீறலைப் பார்க்கட்டும், எழுத்து தெரிந்தால் அது எந்தப் பட்டறை என்று விசாரிக்கலாம். தெரியாவிட்டாலும் என் மன்னிப்பில் குறைவில்லை, கரடி அசலாக இருந்தால்தான் மன்னிப்பு என்றால் அது மன்னிப்பா. சம்பந்தி ஏமாறவில்லை, பார்க்கத் தெரியாதவன் நான்தான் என்று இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டு, வயித்தெரிச்சல் வரியையும் விடாதே. கரடியை மறுபடி உன் மேஜைக்கு அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெளிச்சம் போதாமல் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் பரீட்சை முடிந்த பிறகு போடு. நீ முதல் தடவையிலேயே தேறி, இரண்டு வீட்டாரும் பூரித்துப்போகும்படி நீடூழி வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை போனில், அத்தை தூங்குறாங்கப்பா என்றாய். அத்தை என்று நீ அவரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, எனக்காகத்தான் மாற்றிக்கொண்டாய் என்று புரிந்தது, புரிந்ததும் ஒரு கணம் எனக்கு உள்ளே குளிர்ந்தது, எல்லாவற்றையும்விட அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். அடுத்த தடவை நான் கூப்பிடும்போது, இருங்கப்பா, அம்மாகிட்ட குடுக்குறேன் என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனை அவரிடம் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா