ஆர்.சி. என் பேரில்

சேசு மரி சூசை துணை

சிங்கப்பெருமாள் கோவில்,
12-8-1991

அன்பு மகன் ஜோயலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாம் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. பம்பாய் மழையில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

ஜெயித்துவிட்டேனடா! வண்டி யாருடையது என்று சொல்கிற ஆர்.சி. புக் என் பேரிலேயே வந்துவிட்டது. ஆட்டோ வாங்கப்போகிறோம் என்றதுமே உன் பெரியப்பா சவரிமுத்து வந்து உட்கார்ந்துகொண்டு, "பொம்பள பேர்ல வண்டியா? ஊரு சிரிக்கும். என் பேர்ல போடு, நான் பாத்துக்கறேன்" என்றார். நிலத்தையும் இப்படித்தானே பார்த்துக்கொண்டார், கம்பெனி எடுத்தபோது பட்டா அவர் பேரில் இருந்தது, பணம் முழுக்க அவருக்கே போனது, நம் வாயில் மண் விழுந்தது. இந்த வண்டியும் போனால் நீ அங்கே உழைத்ததெல்லாம் வீண். கடைசியில் அப்பாவே, "உன் பேர்லயே போட்டுடு லூர்து, அண்ணன் கேட்டா எனக்கு இல்லன்னு சொல்ல வராது" என்றுவிட்டார். தங்கமான மனுஷன், ஆனால் வாயில்லாப் பூச்சி.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர் ரகுபதி, "கைநாட்டாம்மா?" என்று மைப்பெட்டியை நீட்டினான். வந்ததே கோபம்! "ஆர்.சி. ஸ்கூல்ல அஞ்சாவது படிச்சவடா நான்" என்று பேனாவைப் பிடுங்கிக் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். ரோமன் கத்தோலிக்க வேதமும் ஆர்.சி., படித்ததும் ஆர்.சி., அந்த இரண்டும் பிறந்த வீட்டில் கொடுத்தது, இந்த ஆர்.சி. நானாக அடம்பிடித்து வாங்கியது. நேற்று பூசை முடிந்து சாமியார் வண்டியை மந்திரித்தார், நான் புக்கையும் நீட்ட, சிரித்துக்கொண்டே அதன் மேலும் தீர்த்தம் தெளித்தார். இன்று காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் நம் வண்டியில் நெருக்கியடித்து ஏறினார்களாம், மறைமலை நகர் போக வேறு வண்டி கிடைக்காமல் பெரியப்பாவும் வந்து நின்றாராம். வண்டி ஓட்டுகிற அப்பாதான் தன் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். யாரோ ஒரு பையன், "புது வண்டியா கீதே, யாருது பெரியவரே?" என்று பெரியப்பாவையே கேட்டிருக்கிறான். மென்று விழுங்கிவிட்டு, "எங்க வூட்டு லூர்தம்மாளுது" என்றாராம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு "தம்பி பொண்டாட்டி"தான், என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா வந்து சொன்னதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

வேளைக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு லீவு இப்போதே சொல்லி வை. ஸ்டேஷனில் இறங்கியதும் வேறு வண்டியில் ஏறிவிடாதே, பின்னால் "மாதா துணை"க்குக் கீழே என் பேர் எழுதியிருக்கும். மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

ஆசியுடன் உன் அம்மா,
லூர்தம்மாள்,
ஆட்டோ ஓனர்