பச்சை ஜாக்கெட்டின் இடது பக்கம்

என் அளவிலேயே பிறந்த அண்ணிக்கு,

பயமாக இருக்கிறது. நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ரிசல்ட் தருகிறார்கள். மதியச் சாப்பாடு தட்டிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது. நான் தையல் மிஷின் பலகையில் காகிதத்தை வைத்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். கேட்பதற்கு நீங்கள் இல்லை, அதனால் இப்போது கை நிற்கவில்லை.

வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வருகிற ஆவணியில். மாப்பிள்ளைக்குப் பலமனேர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிறார், நடுவில் எங்கே மாறினார் என்று அவருக்கே தெரிவதில்லை. நல்ல பிள்ளை. அண்ணன் காபி போடக் கற்றுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அவர் இரண்டு தம்ளர்தான் எடுத்து வைக்கிறார்.

நம்ம பைத்தியம் எப்படி ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? என் அம்மா சித்தூர் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். கழுத்தை ஒட்டிய ஜாக்கெட், பலூன் மாதிரி உப்பின கை, முதுகில் வரிசையாகத் துணி சுற்றின பொத்தான்கள். “இத்த நாம தச்சிப் பாக்கலாமா, மாலா?” என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினேழு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் புத்தூரிலிருந்து ரயிலேறித் திருப்பதிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ரெடிமேட் லேஸ் கூடாது, ஜிப் கூடாது, ஓரம் கையால்தான் மடித்துத் தைக்க வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். குரோஷா ஊசியில் நீங்கள் பின்னின கழுத்துப் பட்டி மட்டும் என் பீரோவில் ஒன்பது இருக்கிறது.

பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவரை வழிமறித்தோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரே துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்கியது. நாம் புத்தம் புதுத் தூக்குவாளியைக் கொடுத்து அவர் மூட்டையிலிருந்து பூப்போட்ட பழைய நைலக்ஸ் புடவையை உருவினோம். “மீகு பிச்சா அம்மா?” என்று கேட்டார் மனிதர். பைத்தியமா என்று கேட்டதற்கு நீங்கள் கொஞ்சமும் கோபப்படாமல், “அவுனு” என்று தலையாட்டினீர்கள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நகரி கல்யாணத்துக்குப் போனபோது, “இன்னாமே, ரெண்டு பேரும் பழைய சினிமாவுலர்ந்து எறங்கி வந்துக்கினு கீறீங்க” என்று பெரியப்பா கேட்டார். நமக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்பதுதான் எல்லாவற்றுக்கும் வசதி. ஒரே அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டுவோம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வோம். முதுகுப் பொத்தானை உங்களுக்கு நான் போடுவேன், எனக்கு நீங்கள்.

ரேவதி கல்யாணத்துக்கென்று எனக்கு ஒரு ஜாக்கெட் வெட்டினேன். நம்ம பழைய அளவு ஜாக்கெட்டை வைத்துத்தான் வெட்டினேன். போட்டுப் பார்த்தால் இடது பக்கம் பிடிக்கிறது. சாக்பீஸ் கோடு தப்பு என்று பிரித்துத் தைத்தேன். மறுபடியும் பிடித்தது. துணி நீரில் சுருங்கிவிட்டது என்று துணியைத் திட்டினேன். மார்புப் பக்கத்து டாட் மடிப்பு ஏறிவிட்டது என்று அதையும் பிரித்தேன். மூன்றாவது தடவை, போகட்டும் என்று இடது பக்கத் தையலை மட்டும் அரை இஞ்ச் தள்ளிவிட்டுத் தைத்தேன். சரியாகிவிட்டது. எனக்கு அவ்வளவு திருப்தி! தப்பு துணியில்தான் என்று நினைத்தேன் அண்ணி. இத்தனை வருஷம் தைக்கிறவள், வேறு எங்கே தேடுவேன்?

அடுத்த ஞாயிறு ரேவதி வந்தாள். உங்கள் பெட்டியிலிருந்து அந்தக் கிளிப்பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுவந்திருந்தாள். நீங்கள் கடைசியாகத் தைத்தது. ரிசப்ஷனுக்கு அதைத்தான் போடுவேன், எனக்குத் தொளதொள என்று இருக்கிறது, உள்ளே பிடித்துக் கொடு என்றாள்.

“மொதல்ல நீ போட்டுக் காட்டு அத்த. அம்மா போட்டா மாதிரியே இருக்கும்.”

போட்டேன். இரண்டு பக்கமும் அப்படியே உட்கார்ந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை. ரேவதி என்னைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மாவே வந்து நிக்கிற மாதிரி கீது அத்த” என்று அழுதாள். எனக்கோ வேறு ஒன்று உறுத்தியது. அளவு ஜாக்கெட்டுக்குப் பொருந்தாத உடம்பு உங்களுடைய கடைசி ஜாக்கெட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

உள்ளே போய்க் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் ஒரே தையல், நீங்கள் முதலில் போட்டது. இடது பக்கத்தில் தையலுக்கு உள்புறமாக இரண்டு வரிசை பழைய ஊசி ஓட்டைகள். ஒருமுறை பிரித்துத் தளர்த்தியிருக்கிறீர்கள். அப்புறம் இன்னொரு முறை. இடது பக்கம் மட்டும்.

டாக்டர் அறையில் உங்கள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். “என்னி ரோஜுல நுஞ்சி உந்தம்மா?” என்று அவர் கேட்டார். மார்பில் அந்தக் கட்டி எத்தனை நாளாக இருக்கிறது என்று. “வாரம் ரோஜுலே” என்றீர்கள். ஒரே வாரம்தான் என்று. கண்ணைச் சிமிட்டாமல் சொன்னீர்கள். நானும் நம்பினேன். ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு வாரத்தில் தெரிந்தது, நாலு மாதத்தில் கொண்டுபோய்விட்டது என்று. இப்போது அந்த ஓட்டைகள் என்னிடம் வேறு கதை சொல்கின்றன.

கடைசி வருஷம் திடீரென்று முதுகுப் பொத்தானை விட்டுவிட்டு முன்பக்கம் ஹூக் வைக்க ஆரம்பித்தீர்களே. அதுதான் இன்னும் பழைய மாடல் என்று என்னோடு சண்டை போட்டீர்கள். பழைய படங்களை ஒட்டி வைத்த நம்ம ஆல்பத்தையெல்லாம் எடுத்துப் போட்டு நான் வாதாடினேன். மாடலும் இல்லை ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் வந்து உங்களைத் தொடக்கூடாது, அதற்காகத்தான் அந்த ஹூக். அப்படித்தானே? சொல்லுங்கள். எத்தனை நாள் தனியாகக் கண்ணாடி முன்னால் நின்றீர்கள்? ரேவதி படிப்பு நின்றுவிடும் என்று பயந்தீர்களா, அண்ணன் உடைந்துவிடுவார் என்றா? உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். வந்தது, என்ன செய்ய.

வெளியே வந்தபோது ரேவதி ஜாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

“இது இன்னா அத்த, இந்தப் பக்கம் மட்டும் இவ்ளோ ஓட்ட?”

“பழைய துணிடி. அப்படித்தான் இருக்கும்.”

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அவளை ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் பதினோரு நாள். குளிக்கும்போது சோப்பு இடது பக்கம் போகாது. காலேஜ் ஆபீஸில் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. கடைசியில் தொட்டேன். இருந்தது. சுண்டைக்காய் அளவு என்று சொல்ல ஆசைதான். அதைவிடப் பெரிசு.

அதற்கப்புறமும் இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். தனியாக இருப்பவள் நான். சாதாரண ஜுரத்துக்கே மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆளில்லை என்று வேடிக்கையாகப் பேசுகிறவள். இதற்கு யாரைக் கூப்பிடுவேன்? கல்யாண வீட்டில் போய் இதைச் சொல்வதா? ஆவணி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் உங்களுடையது அண்ணி. வரிக்கு வரி உங்களுடையது. நல்ல வேளை, எனக்கு அது கொஞ்சம் சீக்கிரமே தெரிந்தது.

தெரிந்தது எப்படி என்றால், ரேவதி உங்களைவிட ஒல்லி. பச்சை ஜாக்கெட்டை அவளுக்குப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் உள்ளே தைத்து, மிச்சத் துணியை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் ஓட்டைகளும் போய்விடும். கத்தரிக்கோலைத் துணியில் வைத்துவிட்டேன், அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை போகவில்லை. நீங்கள் யாரிடமும் சொல்லாததை அந்தத் துணி மட்டும்தான் வைத்திருக்கிறது. அதையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு நான் என்ன செய்யப்போகிறேன்? நானும் ஒரு பச்சை ஜாக்கெட் தைத்து வைத்துவிட்டுப் போகப்போகிறேனா?

ரேவதிக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ரயிலில் வந்துவிட்டாள், ஜாக்கெட்டைக் கெடுத்துவிட்டேனோ என்ற பதற்றத்தோடு. உட்கார வைத்து இரண்டையும் மடியில் போட்டேன். உங்களுடைய பச்சை, என்னுடைய புதுசு. உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். சொல்லிவிட்டேன் அண்ணி. உங்களைப் பற்றியும் சொன்னேன், என்னைப் பற்றியும் சொன்னேன். உங்கள் ரகசியத்தை உங்கள் மகளிடமே உடைத்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை.

அவள் ரொம்ப நேரம் அந்த ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா என் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்திச்சு அத்த. ஒரு வார்த்த சொல்லல.”

“பயம்டி.”

“உனக்கு?”

“எனக்கும்தான். செத்துடுவேன்னு பயமாக் கீது.”

அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். “கெளம்பு” என்றாள். “நைனாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்.”

ஆஸ்பத்திரியில் நம்ம ஊர்ச் சந்தை மாதிரி கூட்டம். என் முறை வந்தது. இந்தத் தடவை பெண் டாக்டர், ரேவதியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார்.

“என்னி ரோஜுல நுஞ்சி உந்தம்மா?”

என் வாய் திறந்தது. “வாரம்...” என்று வந்தே விட்டது. சத்தியமாக அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கே வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தவளா என்று அவர் நினைப்பாரே என்று. அதற்குத்தான் நீங்களும் அப்படிச் சொன்னீர்களா? ரேவதி என் தோளில் கையை வைத்தாள்.

“நெல பைனே அய்யிந்தி மேடம்” என்றாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று.

டாக்டர் எழுதிக்கொண்டார். திட்டவில்லை அண்ணி. நாம் பயந்த மாதிரி ஒன்றுமே இல்லை, ஒரு வரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வந்தது நல்லதா கெட்டதா என்று நாளைக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் வைத்தியம் இருக்கிறது என்கிறார் டாக்டர். அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஒரு பக்க மார்பை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டால்? அதற்கு எப்படி வெட்டுவது என்று நம்ம ஆல்பத்தில் எந்தப் படத்திலும் இல்லையே.

நேற்று ரேவதியே பச்சை ஜாக்கெட்டை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தாள். மிச்சத் துணியை வெட்ட வேண்டாம், அப்படியே உள்ளே மடித்துத் தை என்றாள். கொஞ்சம் தடிப்பாக உறுத்தும்டி என்றேன். உறுத்தட்டும் என்றாள். முன்பக்க ஹூக்கையெல்லாம் நான் பிரித்துவிட்டேன். முன்பக்கத்தை மூடித் தைத்து, முதுகைத் திறந்து பட்டி வைத்தாயிற்று. ஒன்பது பொத்தானுக்குப் பச்சைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். என் புது ஜாக்கெட்டுக்கும் அப்படியே.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு அந்தக் காகிதத்தில் என்ன இருந்தாலும் சரி, இனி நான் தைக்கிற ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் பொத்தான் முதுகில்தான். ஆவணியில் கல்யாணத்தன்று உங்கள் மகளுக்கு நான் போட்டுவிடுவேன், எனக்கு அவள் போட்டுவிடுவாள். எங்கேயாவது பிடித்தால் பிடிக்கிறது என்று சத்தமாகச் சொல்வேன். அவளையும் சொல்ல வைப்பேன்.

பதினாறு வருஷம் உங்கள் முதுகுப் பொத்தானைப் போட்டுவிட்டு, பதினேழாவது வருஷம் ஏன் என்று கேட்காமல் விட்ட,
உங்கள் நாத்தனார்
மாலா