ஆர்லிஸ் அம்மையாரின் ஓய்வு

வணக்கத்திற்குரிய அம்மா,

உங்கள் இரத்த அழுத்தம் தணிந்ததா? டகோட்டாவில் பனி கொட்டினாலும் நான் நலமே.

நேற்று நான் வேலை பார்க்கும் சிற்றூர் அஞ்சலகத்துக்கு மேலதிகாரி வந்தார். அஞ்சல் தலைவர் ஓய்வு பெற்றதும், ஆளில்லை என்று சிற்றூர் அஞ்சலகத்தையே மூடிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதற்கு அஞ்சியே, எங்கள் தலைவர் ஆர்லிஸ் அம்மையார் இடுப்பெலும்பு தேய்ந்த பின்னும் ஓய்வு கேளாமல் நிற்கிறார்.

"ஆபீஸ் நட்டத்துல ஓடுதேம்மா" என்றார் அதிகாரி.

"எது நட்டம் தம்பி? எங்க வயசான காலத்து வைத்தியத்துக்கு அஞ்சல் துறை இப்பவே பணத்தை எடுத்து வைக்கணும்னு சட்டம். நேத்து வேலைக்கு வந்த பையனுக்கும் சேர்த்துத்தான் எடுத்து வைக்கிறோம். உங்க வீட்டு உண்டியல்ல போடுறதையும் நட்டம்னுதான் சொல்லுவீங்களோ?"

அம்மையார் இப்படிக் கேட்டதும், மடல் வாங்க வந்திருந்த உழவர்கள் கைதட்டிச் சிரித்தனர்.

அம்மா, எத்தகைய நெஞ்சுரம்! தம் முதுமைக்கென முன்கூட்டியே திரட்டிய செல்வம் காத்திருக்க, ஊராருக்கு மருந்தும் மடலும் வந்துசேர வேண்டுமென்று வலியோடு நிற்கும் வீரத்தை வேறெங்கே கண்டோம்?

"நீங்க ஓய்வெடுங்கக்கா, அந்த வேலையை நான் பாக்குறேன்" என்றேன்.

"வெயில் ஊரு லூசியானாக்காரா, போன சனவரிக் குளிருக்கே அழுதவனாச்சே நீ!" என்றவர், முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார்.

"ஆள் இருந்தா மூடமாட்டோம்" என்றார் அதிகாரி.

கம்பளிக் காலுறையும், உங்கள் கைப்பட அரைத்த மிளகாய்ச் சாறும் அனுப்புங்கள். அஞ்சல் வண்டி வந்துவிட்டது. ஊருக்கு மாற்றல் கேட்ட மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். என் அறையைத் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன்,
லூசியஸ்