வாய் தவறிய வாழ்த்து

என் மகன் கட்டிக்கொண்டவளுக்கு,

ரிஃப்ளெக்ஸாலஜி படித்திருக்கிறேன் என்று பள்ளத்தூருக்கு என் காலைப் பிடித்துவிட வந்தாய். பாதத்தின் படத்தை விரித்து, தலைக்கு ஓரிடம், வயிற்றுக்கு ஓரிடம், அங்கே அழுத்தினால் உடம்பு லேசாகும் என்று காட்டினாய்.

"இது வைத்தியமில்ல அத்தை, துணைக்குத்தான். சுகர் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றாய்.

"மனசு எங்குட்டு இருக்கு? அதைக் காட்டு பாப்போம்" என்றேன். சிரித்தாய். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு வந்த அன்று, என் காலில் விழாமல் கைகுலுக்க வந்தவள் நீ. அன்றிலிருந்து உனக்கு நான் ஒரு வாழ்த்தும் சொன்னதில்லை. நேற்று நீ குனிந்து பாதத்தைத் தொட்டதும், பழக்கத்தில் "மகராசியா இரு" என்று வாய் சொல்லிவிட்டது. உன் கண் கலங்கியது. நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அதை மன்னிப்பு என்று என் மகனிடம் சொல்லித் திரியாதே. வாய் தவறியதுதான். ஆனால் சொன்ன வாழ்த்தைத் திரும்ப வாங்குவது ஆகாது. என் பேரப்பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாய். அதற்காக அந்த வாழ்த்தை வைத்துக்கொள்.

கால் அப்படியேதான் வலிக்கிறது. வருவதென்றால் வா. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு காலை நீட்டுகிறேன்.

உன் புருஷனைப் பெற்றவள்