அதிராத கைப்பிடி எல்லா டிரில்லுக்கும் வேண்டும்

அனுப்புநர்:
த. யமுனா,
த/பெ. தங்கவேலு,
குவாரி லைன் வீடுகள், சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
சித்தூர்.

பொருள்: கிரானைட் குவாரியின் பழைய டிரில் மெஷின்களை மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. ஆகவே எழுதுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிழை பொறுக்கவும்.

1. என் தந்தை குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறார். மெஷினின் அதிர்வில் அவர் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவார்.

2. சென்ற மார்கழியில் அவர் சூப்பர்வைசர் தமிழ்ச்செல்வனிடம், "கையில திமிரு ஏறிக்கினு கீது சார், மிஷினு புடிக்க முடியல" என்றார். சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துக்காரர். "யாருகிட்டய்யா திமிரு? அது இறங்குற வரைக்கும் வீட்டுல கெட" என்று அனுப்பிவிட்டார். வேலை போயிற்று.

3. மறுநாள் நானே குவாரிக்குப் போனேன். எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும், "சார், எங்க ஊர்ல திமிருன்னா மரத்துப்போறது" என்று சொல்லிவிட்டேன். அவர் தாமே பழைய மெஷினைப் பிடித்துத் துளை போட்டார். கையை உதறிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கியவரிடம், அப்பாவோடு துளை போடும் குணா அண்ணன், "இன்னா சார், உனக்கும் திமிரா?" என்றார். குவாரியே சிரித்தது. அதிகம் சிரித்தவர் சூப்பர்வைசர்தான்.

4. என் தந்தையைத் திரும்ப அழைத்தவரும், முதலாளியிடம் வாதாடி ஸ்பிரிங் கைப்பிடி வைத்த இரண்டு புது மெஷின்களை வாங்கி வந்தவரும் அவரே. ஒன்றை என் தந்தை பிடிக்கிறார். அவற்றில் அதிர்வு பெரும்பாலும் கைக்கு ஏறுவதில்லை. ஒரு நாளில் போடும் துளையும் குறையவில்லை. இது எங்களுக்குப் பெரிய வெற்றி, ஐயா.

5. ஆனால் மற்றவர்கள் இன்னும் பழைய மெஷினில்தான் நிற்கிறார்கள். "இரண்டு போதும்" என்கிறார் முதலாளி. போதாது. குணா அண்ணனுக்கும் விரல் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

எனவே தாங்கள் குவாரிக்கு வந்து, பழையதையும் புதியதையும் ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்து, எல்லா மெஷினையும் மாற்ற உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை பழைய மெஷினை ஒருவரே நாள் முழுதும் பிடிக்காமல் ஆள் மாற்றிவிடவும், எல்லோரின் கைகளையும் டாக்டர் பார்க்கவும் ஆணையிட வேண்டும்.

குவாரியில் வேலை செய்யும் அனைவரும் இதில் கையெழுத்திட்டுள்ளனர். முதலில் உள்ளது என் தந்தையுடையது. கோணலாக இருக்கும். பொங்கலுக்குப் பேனா பிடிக்க முடியாத கை, ஐயா, இன்று தானே எழுதியது.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
த. யமுனா

இடம்: சித்தூர்
நாள்: 16.06.2025