ஏரோப்ளேன் என்று பேர் வைத்தவை

2 ஜனவரி 1956, திங்கள்
காலையில் பனி. மாவு அரைத்தாயிற்று. பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் என் படம் திருடி மாதிரி.

கொழும்பிலிருந்து மச்சான் கடிதம். பெண்டாட்டி ஏரோப்ளேனில் வரவேண்டுமாம். ரயில், கப்பல் என்றால் என்னோடு ஓர் ஆண்பிள்ளை வரவேண்டும். கொழுந்தன் ஹமீதுக்குக் கடையை விட்டு நாள்கணக்கில் நகர முடியாது. ஏரோப்ளேன் என்றால் இங்கே ஏற்றிவிட்டால் போதும், அங்கே அவர் வந்து கூட்டிக்கொள்வார். "கொஞ்ச நேரந்தானே. அது தனியாப் போறதுல சேராது" என்று மாமியே சொல்லிவிட்டார்.

ஆக, ஏறினால் கொழும்பு. இல்லாவிட்டால் இதே அடுப்படி. எனக்கோ மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டாலே தலை சுற்றும். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

3 ஜன., செவ்.
ஏரோப்ளேன் என்று பேர் வைத்த எதையும் விடுவதில்லை என்று முடிவு. வைத்தவனுக்கு ஏதாவது தெரியாமலா வைத்திருப்பான்?

காந்தி மார்க்கெட் வாசலில் ஏரோப்ளேன் சோடா. ஹமீது வாங்கிக் கொடுத்தது. ஒரே இஞ்சி. ஏன் இந்தப் பேர் என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"குடிச்சீங்கல்ல? ஜிவ்வுனு ஏறுதுல்ல? அதாங்க."

அண்ணன் ஏறியிருக்கிறீர்களா என்றதற்கு, "நமக்கெதுக்குங்க அந்த வம்பு!"

வீட்டில் தீப்பெட்டி, ஏரோப்ளேன் மார்க். இறக்கை காக்காய்க்குப் போல மடங்கியிருக்கிறது. வரைந்த புண்ணியவான் பார்த்ததே இல்லை.

5 ஜன., வியா.
துறையூர். அக்காவுக்கு ஆண் குழந்தை. மூக்கு அத்தாவுடையது.

போன பஸ்ஸின் நெற்றியிலும் 'ஏரோப்ளேன்'. மாட்டு வண்டி எங்களை முந்துகிறது. ஹமீதுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இது எப்பப் பறக்கும்?"

கண்டக்டர்: "பள்ளம் வரட்டும் தம்பி. கெட்டியாப் பிடிச்சுக்க."

பறந்தது. தலை கூரையில் இடித்தது. ஆனாலும் வாந்தி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அக்காவின் புதுச் சேலைக்கு ஏரோப்ளேன் பார்டராம். நான் மீன் என்று நினைத்தேன்.

6 ஜன., வெள்.
வெயில். ஸ்ரீரங்கம். கூடப் படித்த ஜானகி வீடு. ஏகாதசிக் கூட்டம் கலைந்தும் கடைகளைப் பிரிக்கவில்லை. ஏரோப்ளேன் ராட்டினம்: சங்கிலியில் தொங்கும் தகரத் தொட்டிகள், கையால் சுற்றுகிறார்கள். இருவரும் ஏறினோம். இரண்டாம் சுற்றிலேயே "நிறுத்துங்க!" என்று அலறிவிட்டேன். துப்பட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"மானம் போறதுடி! இதுக்கே இப்படின்னா நீ எப்படிக் கடலைத் தாண்டுவே?"

"நீ மட்டும்? கண்ணை இறுக்கி மூடிண்டிருந்தே, பார்த்தேன்" என்றேன், அவள் பேச்சிலேயே.

"என்னை யாரும் கொழும்புக்குக் கூப்பிடலையே."

ஆத்திரமாக வந்தது. பாவி சொன்னது சரிதான். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

7 ஜன., சனி
சொன்னேன். ஹமீது: "வேணாம்னா வேணாம் மச்சி. நெசத்தை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க."

குதிரை வண்டி, மன்னார்புரம் தாண்டி ஏரோட்ரோம். வேலிக்கு வெளியே கடலை கொறித்துக்கொண்டு ஒரு கூட்டம், வேடிக்கை பார்க்க.

வந்தது. சோடா, பஸ், ராட்டினம், எதன் சாயலும் இல்லை. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு அழகு! ஒரு வயசான அம்மா தூக்குச்சட்டியோடு இறங்கி வந்தார், ஏதோ சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவது போல. வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன், பயமாக இருந்ததா என்று.

"காது அடைச்சுதும்மா. அப்புறம் தூங்கிட்டேன்."

இவ்வளவுதானா! சிரிப்பு வந்தது.

அந்த அம்மா கூட்டத்தில் தன் மகனைக் கண்டுபிடித்து நேராக அவனிடம் போனார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஏரோப்ளேனை நினைத்து அல்ல. நிக்காஹ் ஆகி ஒரு மாதம்கூட ஆகுமுன் மச்சான் கப்பலேறிவிட்டார், வருஷம் மூன்றாகிறது. பாஸ்போர்ட்டுக்குத் தவிர மாமிக்குப் படம் எடுப்பது ஆகாது, வீட்டில் அவர் போட்டோ ஒன்று கிடையாது. அவர் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. மீசை உண்டு. அப்புறம்? இதை யாரிடம் சொல்ல?

8 ஜன., ஞாயிறு
தூறல். டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். மாமி கருவாடு பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

மச்சானுக்குக் கடிதம் எழுதி ஒட்டியாயிற்று. கடைசியில் எழுதியது: "அங்கே கூட்டமாக இருக்குமாம். உங்கள் பேரைச் சொல்லி நான் கூப்பிட முடியாது. நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தமாக."